துளையின் நடுவே விடுபட்ட சளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் ஆஸ்துமா குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒவ்வாமை, அழற்சி, இன்ஹேலரை முறையாக உறிஞ்சும் விதம் ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கியிருந்த அக்கட்டுரையோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு ஏதுமில்லை. என் முறையீடு அதனோடு அச்சிடப்பட்டிருந்த படத்தைப் பற்றியது. இடப்பக்கம் ஒரு வட்டம், நலமான மூச்சுக்குழலின் குறுக்குவெட்டு. வலப்பக்கம் இன்னொரு வட்டம், ஆஸ்துமா கண்ட மூச்சுக்குழல். இரண்டாவதில் சுவர் வீங்கியிருந்தது, தசை தடித்திருந்தது, நடுத்துளை சிறுத்திருந்தது. ஆனால் அந்தச் சிறுத்த துளை துடைத்துவைத்தாற்போல் வெறுமையாக இருந்தது. கட்டுரையிலும் சளி என்னும் சொல் ஒரே ஓரிடத்தில், இருமலோடு வரக்கூடிய அறிகுறியாக மட்டுமே வந்துபோகிறது. மூச்சுக்குழல் குறுகுவதற்குச் சளியும் ஒரு காரணம், சில நோயாளிகளிடம் முதன்மையான காரணம் என்பது சொல்லப்படாமலே போயிற்று.

இதைக் குறையாகச் சுட்டும் தகுதி எனக்கு முழுதாக உண்டா என்பதும் ஐயமே. உடலியங்கியல் கற்பித்த காலத்தில் நானும் கரும்பலகையில் அதே இரண்டு வட்டங்களைத்தான் வரைந்தேன். தசையைத் தடித்த கோடாகவும் வீக்கத்தை நிழலாகவும் காட்டிவிட்டு, நேரம் மிஞ்சினால் துளைக்குள் சுண்ணக்கட்டியால் ஒரு கிறுக்கல் போட்டு, ‘இதுவும் உண்டு’ என்று சொல்லிப் பலகையை அழித்துவிடுவேன். தசையைப் பற்றிச் சொல்ல அன்று எவ்வளவோ இருந்தது. சளியைப் பற்றிச் சொல்ல ஒரு வரிதான் இருந்தது. இப்போது நிலைமை அப்படி இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் ‘சளி பிடித்திருக்கிறது’ என்றால் அது ஒரு நோய். ‘சளி வருகிறது’ என்றால் அது ஒரு பொருள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், ஆஸ்துமாவில் சளி என்றவுடன் வாசகர் மனம் நேரே மூக்கடைப்புக்கும் தடுமனுக்கும் போய்விடுகிறது. நான் பேசுவது நுரையீரலின் மூச்சுக்குழல்களுக்குள் எப்போதும், நலமாக இருப்பவர்களுக்கும், மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கும் பொருளைப் பற்றி. அது இல்லாவிட்டால் நாம் வாழ முடியாது. நாம் இழுக்கும் தூசும் நுண்ணுயிரும் அதில் ஒட்டிக்கொள்ள, அடியிலுள்ள செல்களின் மயிர் போன்ற குற்றிழைகள் இடைவிடாமல் அடித்து அப்படலத்தைத் தொண்டை நோக்கி நகர்த்த, நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். நல்ல நிலையில் அதில் சுமார் 97 விழுக்காடு நீர். மிச்சம் 3 விழுக்காடுதான் திடப்பொருள். நோயில் அந்தத் திடப்பங்கு 15 விழுக்காடு வரை ஏறக்கூடும். ஏறினால் வழுக்கிச் செல்ல வேண்டிய படலம் பசையாகிறது. பசை இறுகினால் அடைப்பாகிறது.

அந்தத் திடப்பொருளில் சளிக்கு அதன் தன்மையைத் தருபவை மியூசின் எனப்படும் மிக நீண்ட புரதங்கள். மூச்சுக்குழலில் இரண்டு முக்கியமானவை: மியூசின் 5பி, மியூசின் 5ஏசி. முன்னது அன்றாடத் துப்புரவுக்கு உரியது. பின்னது இயல்பில் குறைவாக இருந்து, ஒவ்வாமை அழற்சியில், குறிப்பாக இன்டர்லூக்கின்-13 என்னும் சமிக்ஞைப் புரதத்தின் தூண்டலால், பன்மடங்கு பெருகுவது. கோப்பை வடிவச் செல்கள் இவற்றை நீர் வற்றிய நிலையில் சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கின்றன. தூண்டுதல் கிடைத்ததும் பை திறந்து வெளிவரும் மியூசின், தன் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேலான நீரை உறிஞ்சி நொடிகளில் உப்பிவிடும். ஆகவே, மெல்லச் சேர்ந்து மெல்லத் தேங்கும் கழிவாக மட்டும் சளியை எண்ணுவது தவறு. தசை சுருங்கும் அதே வேகத்தில் அதுவும் வந்து நிரம்பக்கூடும். தசையைச் சுருக்கும் அசிடைல்கோலின் போன்ற பொருள்கள் சளிச் சுரப்பையும் சேர்த்தே தூண்டுகின்றன என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்விரண்டும் ஒருசேர நிகழ்ந்தால் என்னவாகும் என்பதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உள்ளே 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு சிறு மூச்சுக்குழலை எடுத்துக்கொள்வோம். சீராக ஓடும் காற்றுக்குக் குழல் தரும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். குழலின் உட்புறத்தில் 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சளி படிந்தால் திறந்திருக்கும் ஆரம் 0.9 மில்லிமீட்டர், தடை சுமார் ஒன்றரை மடங்காகும். பெரிதாக ஒன்றும் தெரியாது, படியேறும்போதுகூட உணராமல் இருக்கலாம். இனிச் சளியே இல்லாமல் தசை மட்டும் சுருங்கி ஆரத்தைப் பாதியாக்கினால் தடை 16 மடங்கு. இப்போது இரண்டையும் சேர்ப்போம். தசை சுருங்கும்போது சளி எங்கும் போய்விடுவதில்லை. அதே அளவு சளி குறுகிய குழலுக்குள் தடித்த வளையமாகிறது. திறந்திருக்கும் ஆரம் சுமார் 0.245 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. தடை ஏறத்தாழ 278 மடங்கு. ஒன்றரையையும் பதினாறையும் பெருக்கினால் வரும் இருபத்து நான்கை எதிர்பார்த்தவருக்கு இந்த எண் அதிர்ச்சி தரும். தசை இன்னும் சற்றே சுருங்கி ஆரம் 0.43 மில்லிமீட்டருக்கு வந்தால் வழியே மூடிக்கொள்கிறது; அதே சுருக்கத்தில் சளியில்லாத குழலில் காற்று இன்னும் போய்வந்துகொண்டிருக்கும்.

இது ஒரு வடிவியல் எளிமைப்படுத்தல் என்பதை மறைக்கவில்லை. உண்மையான மூச்சுக்குழல் சுருங்கும்போது வட்டமாகவே சிறுப்பதில்லை. உட்சவ்வு மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது. ஆனால் அந்த மடிப்புகள் நிலைமையை மோசமாக்கவே செய்கின்றன. மடிப்புகளின் இடுக்குகளில் திரவம் நிரம்பும்போது, அதே அளவு தசைச் சுருக்கம் மேலும் பெரிய அடைப்பைத் தரும் என்பது 1980-களின் இறுதியிலேயே கணித்துக் காட்டப்பட்டது. போதாக்குறைக்குப் பரப்பு இழுவிசை வேறு இருக்கிறது: சிறு குழலில் சுவரோரத் திரவம் ஓரளவுக்கு மேல் தடித்தால், இடம் முழுதும் நிரம்பும் வரை காத்திருக்காமலே குறுக்கே பாலம் கட்டி வழியை அடைத்துவிடும்.

சளியைப் பற்றி முந்தைய தலைமுறை மருத்துவர்கள் அறியாமல் இருந்தார்களா என்றால், இல்லை. நம்மைவிட அவர்கள் அதை நன்றாகவே பார்த்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஷார்கோவும் லைடனும் சளியில் கண்ட ஊசிமுனைப் படிகங்களும், கூர்ஷ்மன் விவரித்த திருகுசுருளான சளி வார்ப்புகளும் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. 1892-இல் வில்லியம் ஆஸ்லர் ஆஸ்துமாவை விவரித்தபோது தசை இசிவோடும் சவ்வு வீக்கத்தோடும், சிறு குழல்களில் உருவாகும் பாகு போன்ற சளியையும் சேர்த்தே எழுதினார். 1960-இல் டன்னில் என்னும் நோயியல் அறிஞர், ஆஸ்துமாவால் இறந்தவர்களின் நுரையீரல்களை ஆராய்ந்து, மூச்சுக்குழல்கள் கெட்டியான சளியால் அடைபட்டிருந்ததை விரிவாகப் பதிவுசெய்தார். பின்வந்த ஆய்வுகளும் ஆஸ்துமா மரணங்களில் பெரும்பாலான மூச்சுக்குழல்கள் சளியாலும் செல்களாலும் அடைந்துகிடந்ததையே காட்டின. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் ஆஸ்துமா 26 கோடிக்கும் மேற்பட்டோரைப் பாதித்து, ஏறத்தாழ 4,55,000 உயிர்களைப் பறித்தது. இந்த மரணங்களின் இறுதிக் காட்சியில் சளிக்குள்ள பங்கு நோயியல் அறிஞர்களுக்குப் புதிதன்று.

ஆயினும் அது இறுதிக் காட்சிக்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்டதுதான் சிக்கல். உயிரோடு நடமாடும், ஓரளவு நலமாகவே தெரியும் நோயாளியின் நுரையீரலில் சளி என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. தசையை ஆராய்வது எளிது. ஒரு துண்டை எடுத்து ஊட்டக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்தைச் சொட்டினால் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிடலாம். நோயாளியிடமும் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மாற்றத்தைக் குறித்துக்கொள்ளலாம். சுவரை ஆராய உள்நோக்கி வழியே சிறு திசு எடுக்கலாம். ஆனால் திசுவைப் பதப்படுத்தும்போதே துளையிலுள்ள சளி பெரும்பாலும் கழுவிப்போய்விடும். நோயாளி இருமித் துப்பும் சளியைச் சோதிக்கலாம் என்றால், துப்ப முடிந்த சளி அடைக்காத சளி. அடைத்துக்கொண்டிருப்பது உள்ளேயே இருக்கிறது. எலிகளைக் கொண்டு ஆராயலாம் என்றாலோ, மனிதர்களின் பெரிய மூச்சுக்குழல்களில் நிறைந்திருக்கும் சளிச் சுரப்பிகள் எலிகளுக்குக் குரல்வளையை ஒட்டிய பகுதியில்தான் உண்டு. அளக்க முடிந்ததே ஆராயப்பட்டது, ஆராயப்பட்டதே பாடமானது, பாடமானதே என் கரும்பலகையிலும் தங்கள் படத்திலும் வந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது சி.டி. ஸ்கேன். 2018-இல் அமெரிக்காவில் டனிகன், ஃபேஹி முதலியோர் வெளியிட்ட ஆய்வில், 146 ஆஸ்துமா நோயாளிகளின் நுரையீரல் படங்களை 20 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சளி முழுதாக அடைத்த குழல் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டார்கள். நோயாளிகளில் 58 விழுக்காட்டினருக்கு ஒரு பகுதியிலேனும் அடைப்பு இருந்தது, நோயற்றவர்களில் 4.5 விழுக்காட்டினருக்கே இருந்தது. முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றளவு எதிர்பார்க்கும் அளவில் 60 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தவர்களில் 67 விழுக்காட்டினருக்கு நான்கோ அதற்கு மேற்பட்டோ பகுதிகளில் அடைப்பு. அதே அளவு 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கு. சி.டி. படத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழல்கள் தெளிவாகத் தெரிவதில்லை என்பதால், உண்மையான அடைப்பு இதைவிட அதிகமாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. இன்னொரு செய்தி என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. தொடர்ந்து இருமிச் சளி துப்புவோரிடம்தான் இந்த அடைப்புகள் இருக்கும் என்று எண்ணத் தோன்றும், அப்படியில்லை. சளித் தொல்லையே இல்லை என்று சொன்ன பலரிடமும் அடைப்புகள் இருந்தன. சில ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளை மீண்டும் படமெடுத்தபோது பலரிடம் அடைப்புகள் நீடித்தன, பல வேளைகளில் அதே இடங்களிலேயே.

சளி ஏன் இப்படி இறுகிப்போகிறது என்பதற்கும் விடை தெளிவாகிவருகிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில் பலரும் பார்த்திருக்கக்கூடிய ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அழற்சியின்போது மூச்சுக்குழலில் திரள்கின்றன. அவை வெளியிடும் பெராக்சிடேஸ் நொதி உருவாக்கும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள், மியூசின் இழைகளுக்கிடையே கந்தக அணுக்கள் வழியாகக் குறுக்குப் பிணைப்புகள் உண்டாகத் துணைபோகின்றன. தனித்தனி நூலாக இருந்தது வலையாகிவிடுகிறது. அந்தப் பழைய ஷார்கோ-லைடன் படிகங்களும் ஈசினோஃபில் செல்லிலிருந்து வரும் கேலெக்டின்-10 புரதமே. அவை செயலற்ற எச்சமாக மட்டும் இராமல் தாமே அழற்சியைத் தூண்ட வல்லவை என்பது 2019-இல் எலிகளிடம் காட்டப்பட்டது. இத்துடன், 2016-இல் மனித மூச்சுக்குழல் செல்களை வளர்த்துச் செய்த ஆய்வொன்று, இன்டர்லூக்கின்-13 தூண்டிய செல்களில் குற்றிழைகள் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தும் சளி நகராததைக் கண்டது. 5ஏசி நிறைந்த சளி தன்னைச் சுரந்த செல்களோடேயே ஒட்டிக் கட்டுண்டு கிடந்தது. துடுப்புகள் ஓய்வின்றி அசைய, நங்கூரம் தூக்காத படகு நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான்.

எலிகளின் குறைபாட்டைச் சற்றுமுன் சொன்னேன். ஆனால் ஒரு கேள்விக்கு அவைதான் தெளிவான விடை தந்தன. 5ஏசி மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு ஒவ்வாமை அழற்சி வழக்கம்போல் உண்டானபோதும், மூச்சுக்குழலைச் சுருக்கும் மெத்தகோலின் என்னும் பொருளைக் கொடுத்தால் குழல் மிகையாகக் குறுகும் இயல்பு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று என்று 2015-இல் வெளியான ஆய்வு கூறியது. மெத்தகோலின் சோதனையைத் தசை எவ்வளவு எளிதில் தூண்டப்பட்டுச் சுருங்குகிறது என்று அளக்கும் சோதனை என்றே நாங்கள் கற்பித்துவந்தோம். அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான ஆய்வில் 5பி இல்லாத எலிகளுக்கு நேர்ந்ததோ வேறு: துப்புரவு நின்று, கிருமிகள் தேங்கி, அவை நோயுற்று மடிந்தன. சளியை ஒழிப்பதே மருத்துவம் என்று யாரேனும் முழங்கினால் இந்த இரண்டாம் முடிவை அவருக்கு நினைவூட்டலாம்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் நானே சொல்லிவிடுகிறேன். அடைப்பும் மூச்சுத்தடையும் ஒருங்கே காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்றாகிவிடாது. கடும் அழற்சி இரண்டையும் தனித்தனியே உண்டாக்கியிருக்கலாம். டி.எஸ்.எல்.பி. என்னும் சமிக்ஞையைத் தடுக்கும் டெசபெலுமாப் மருந்து சி.டி. படத்தில் அடைப்புகளைக் குறைத்ததாக 2023-இல் வெளியான முடிவும், இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவற்றைத் தடுக்கும் டுபிலுமாப் பற்றிய ஒத்த முடிவுகளும் ஊக்கமளிப்பவையே. ஆனால் இவை அழற்சி முழுவதையுமே தணிப்பவை ஆதலால், நோயாளியின் மூச்சு மேம்பட்டதில் சளிக்கு எவ்வளவு பங்கு, சுவர் வீக்கம் வடிந்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கூற இயலாது. சளியை மட்டும் தொடும் மருந்து ஒன்று வந்தால்தான் அந்தக் கேள்வி தீரும். கந்தகப் பிணைப்புகளை வெட்டும் சேர்மம் எலிகளிடம் பயன் தந்தது 2021-இல் வெளியானது. திடீர்ச் சுரப்பை மட்டும் தடுத்து இயல்பான சுரப்பை விட்டுவைக்கும் நோக்கோடு வடிவமைத்த சிறு புரதத்துண்டு பற்றிய ஆய்வு 2022-இல் வந்தது. இரண்டும் நம்பிக்கை தருபவை என்பதற்கு மேல் இப்போதைக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். வேறு நோய்களுக்கு உதவும் சளி இளக்கிகளை ஆஸ்துமாவுக்குக் கடன் வாங்கும் முயற்சிகள் இதுவரை நல்ல பலன் தரவில்லை. அசிடைல்சிஸ்டீனையோ அடர் உப்புக் கரைசலையோ ஆவியாக உறிஞ்சினால் ஆஸ்துமா நோயாளிக்குக் குழல் சுருங்கிவிடும் அபாயமே உண்டு.

தங்கள் வாசகருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். சால்பியூட்டமால் போன்ற உடனடி நிவாரண மருந்து சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும். இறுகிய சளியை அது கரைப்பதில்லை. மேலும், உறிஞ்சும் மருந்து காற்று போகும் வழியேதான் போகும். முழுதாக அடைபட்ட குழலுக்குக் காற்றும் போகாது, மருந்தும் போகாது. நிவாரண மருந்தைத் திரும்பத் திரும்ப எடுத்தும் மூச்சு திரும்பவில்லை என்றால், மேலும் இரண்டு முறை அழுத்திப் பார்ப்போம் என்று வீட்டிலேயே காத்திருப்பது ஆபத்தானது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை, நலமாக உணரும் நாள்களிலும் விடாமல் எடுக்கச் சொல்வதற்கும், நிவாரண மருந்தை மட்டுமே நம்பியிருக்கும் பழைய முறையைப் பன்னாட்டு ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-இல் கைவிட்டதற்கும் அழற்சியே அடிப்படைக் காரணம். சளி அடைப்பும் அந்த அழற்சியின் விளைவுதான். இருமலும் சளியும் இல்லை என்பதால் உள்ளே அடைப்பில்லை என்று முடிவுசெய்துவிடவும் கூடாது. சளியை முறிக்கும் என்று விற்கப்படும் இனிப்பு மருந்துப் புட்டிகள் இந்த வேலைக்கு ஆகா.

அந்தப் படத்தை வரைந்த ஓவியரைக் குறைகூற எனக்கு மனமில்லை. எந்தப் பாடநூலைப் பார்த்தாலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். எனினும், தங்கள் நாளிதழ் அதை மறுபடி அச்சிட நேர்ந்தால் வலப்பக்க வட்டத்தின் துளைக்குள் சளியையும் வரையுமாறு வேண்டுகிறேன். ஓரமாக ஒரு மெல்லிய கோடு போதாது. ஒரு வட்டத்தில் பாதித் துளையை நிரப்பியும், இடமிருந்தால் அதனருகே மூன்றாவதாக ஒரு வட்டம் வரைந்து, துளை முழுதும் அடைபட்டதாகவும் காட்டலாம். பெயர்க்குறிப்பில் ‘சளி அடைப்பு’ என்று எழுதினால் தடுமனோடு யாரும் குழப்பிக்கொள்ளவும் மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர்